தங்கையின் முகத்துக்குப் போதாத வெளிச்சம்

என் தங்கையை அந்தக் கருவி முதன்முறை ஏற்க மறுத்தது மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை. எதற்கும் நாள் கிழமை குறித்துவைக்கிற ஆள் நான் என்பதால் இதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று காலை போன் செய்து, "அண்ணே, மெஷினு என்னைய யாருன்னு கேக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாரம் முழுக்க அதே கதையாகி, வெள்ளிக்கிழமை போன் வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

கோலா சாவா பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவளுக்கு உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. குலை வெட்டும்போது சிதறி விழும் பழங்களைக் குனிந்து கூட்டிப் பொறுக்கிச் சாக்கில் கட்ட வேண்டும். அவள் கணவர் அதே தோட்டத்தில் குலை வெட்டியவர். அவர் இறந்த பிறகு, கம்பெனி ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு இவள் பெயருக்கு மாறியது. பிள்ளைகள் இல்லை. சிரம்பானில் ஓர் அச்சகத்தில் படங்களை அச்சுக்குத் தயார்செய்யும் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மந்தினில் வீடு கட்டிக்கொண்டு இருக்கும் அண்ணன் நான் ஒருவன்தான் அவளுக்கு உறவு என்று சொல்ல மிச்சம்.

லயங்கள் நிற்கிற பகுதியைக் கம்பெனி வீடமைப்புக்கு விற்றிருந்தது. இடிக்கும் முன்பாக, விடுபடாமல் வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு மலிவு வீடு என்று அறிவித்தார்கள். லயத்தில் குடியிருப்பதோ, அங்கேயே பிறந்ததோ கணக்கில் வராது. யார் விடுபடாமல் வந்தார்கள் என்பதைச் சொல்லப்போவது பெரட்டில் மாட்டியிருந்த கருவி. காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரியும் இடத்தை எங்கள் பக்கம் பெரட்டு என்பார்கள். அங்கே முன்பு, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டார். பிறகு விரலை வைக்கும் கருவி வந்தது. நோய்க்காலத்தில் எதையும் தொடக்கூடாது என்றானதும் அதைக் கழற்றிவிட்டு, முகத்தைக் கேமராவில் பார்த்து அடையாளம் சொல்லும் கருவியைக் கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டினார்கள். ஆக, அந்தக் கேமரா இவளைப் பார்த்தால் வீடு. பார்க்காவிட்டால் இல்லை.

முகங்களைப் பதிவுசெய்தது தைப்பூசம் முடிந்த கையோடு. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. கருவியை மாட்ட வந்தவர்களுக்குத் தைப்பூசம் ஒரு பொதுவிடுமுறை, அவ்வளவே. தோட்டத்துத் தமிழர்களில் பாதிப்பேர் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு நின்றார்கள். என் தங்கையும் அந்த ஆண்டு முடி கொடுத்திருந்தாள். உச்சி வெயிலில், ஆபீஸ் வாசலில், சந்தனம் காய்ந்து வெளுத்த தலையும் நெற்றி முழுக்கத் திருநீறுமாக அவளை நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அவள் முகம் என்றால் அன்றைய முகம்தான். அதன்பின் அவள் அந்தக் கேமராவின் முன்னால் நின்றதெல்லாம் கிழக்கு வெளுக்காத நேரத்தில், தலைத்துண்டுக்கு அடியில் முடி முளைத்துவர, கறுத்த முகத்தோடு.

மறுபடியும் பதிவுசெய்யச் சொல்லி அவள் கேட்டாள். ஒருமுறை ஏறிய முகத்தை மாற்ற வேண்டுமானால் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டுமாம். கேட்டிருக்கிறோம், வரும் என்றார்கள். வரவில்லை.

பங்குனியில் ஒருநாள் கேமராவை எடுத்துக்கொண்டு நானே பெரட்டுக்குப் போனேன். மந்தினிலிருந்து இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. கொட்டகையின் மறுகோடியில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. கருவி இருந்த தூணுக்கு அதன் வெளிச்சம் வந்து சேர்வதற்குள் நடுவில் நின்ற லோரியின் நிழல் விழுந்துவிட்டது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். சரியாக விடியாத அந்த நேரத்தில் யாரும் இப்படிப் பவுடர் அப்பியிருந்து நான் பார்த்ததில்லை.

"என்னா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டேன்.

"நீங்க வேற அண்ணே" என்றாள் முன்னால் நின்ற பெண். "சூபா லாகிக்குத்தான். வெள்ளையா இருந்தா விட்டுரும், கறுப்பா இருந்தா கத்தும்."

முகம் தெரியாதபோதெல்லாம் அந்தக் கருவி ஒரு பெண்குரலில், "சீலா சூபா லாகி" என்று மலாயில் சொல்லும். மறுபடியும் முயலுங்கள் என்று பொருள். தோட்டத்தில் அதுவே அதற்குப் பெயராகியிருந்தது. என் தங்கை போய் நின்றாள். சூபா லாகி சொன்னது. துண்டை அவிழ்த்துவிட்டு நின்றாள். மறுபடியும் சொன்னது.

"போயி இன்னொரு மொட்ட போட்டுட்டு வா லா" என்றார் மண்டோர். "வருசம் முழுக்க மொட்டையா இருந்தா தொல்ல இல்ல."

"நீங்க போடுங்க மண்டோரே, உங்களுக்குப் பாதி வேல முடிஞ்சே கெடக்கு" என்றாள் தங்கை. வரிசையே சிரித்தது. மண்டோர் வழுக்கையைத் தடவிக்கொண்டு தானும் சிரித்தார். பிறகு, "சரி, நில்லு. வெளிச்சம் அடிச்சுப் பாப்போம்" என்று தன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, முன்விளக்கை நேரே அவள் முகத்தில் அடித்தார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கருவியின் சிறுதிரையில் எட்டிப் பார்த்தேன். கன்னமும் மூக்கும் நெற்றியும் ஒரே வெள்ளைக் கறையாக இருந்தன. சூபா லாகி.

அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். குழைத்த சந்தனம். நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் இழுத்துக்கொண்டு நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற வங்காளதேசத்துப் பையன் கைதட்டினான்.

"தெனமும் பேரு விழாதுண்ணே" என்று அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "சில நாளைக்கு விழும். சில நாளைக்கு இத பூசினாலும் விழாது."

அன்று அவள் பெயர் விழுந்தது. அடுத்த நாள் விழவில்லை என்று போன் வந்தது.

எனக்குப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அச்சகத்தில் மரண அறிவிப்புக்கு வரும் படங்களில் எங்கள் ஆட்களின் முகம் செய்தித்தாளில் கரி அப்பியதுபோல் விழும். அதை வெளிச்சமாகத் தூக்கிவிட நான் பட்ட பாட்டை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் ஆகும். படச்சுருள் காலத்தில் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்துத்தான் நிறங்களைச் சரிபார்த்தார்கள் என்று பின்னால் படித்தேன். டிஜிட்டல் கேமரா வந்தபோது இந்த வம்பு முடிந்தது என்று நம்பினேன். சென்சார் வெறுமனே ஒளியை எண்ணுகிறது, அதற்கு யார் முகம் என்று தெரியாது என்பது என் வாதம். அந்த வாதம் இன்றும் தப்பில்லை. எண்ணுவதற்கு ஒளி வேண்டும் என்பதைத்தான் நான் போதிய அளவு யோசிக்கவில்லை.

சென்சாரை விளக்குகிற புத்தகங்கள் மழையில் வைத்த வாளிகளை உதாரணம் காட்டும். எனக்குத் தோன்றுவது பால்மங்கு. எங்கள் அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரம் சீவியவர்கள். வடியும் பாலைப் பிடிக்க மரத்துக்கொரு மங்கு மாட்டியிருக்கும். அதுபோலச் சென்சாரில் வரிசை வரிசையாக நுண்ணிய மங்குகள், ஒவ்வொன்றிலும் ஒளி சொட்டுகிறது. மங்கு நிரம்பினால் அதற்குமேல் வருவது வழிந்து வீணாகும். மோட்டார் விளக்கில் என் தங்கையின் முகம் வெள்ளைக் கறையானது அப்படித்தான். ஒன்றிரண்டு சொட்டே விழுந்தால் அதில் பால் எவ்வளவு, தூசியும் எறும்பும் எவ்வளவு என்று சொல்ல முடியாது. படத்தில் அது புள்ளிப்புள்ளியாகத் தெரியும், இரைச்சல் என்பார்கள். கறுத்த தோல் தன்மேல் விழும் ஒளியில் குறைவாகவே திருப்பித் தரும். அரையிருட்டில் அந்தக் குறைவும் குறையும். இருக்கும் மங்குகளோ மிகச் சிறியவை, ஏனென்றால் அது மலிவுக் கருவி.

நல்ல சென்சார் போட்டால் கொஞ்சம் மேம்படும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒளி சீராக வருவதில்லை. முன்னே பின்னே, ஒழுங்கில்லாமல் சொட்டுகிறது. கொஞ்சமாக வரும்போது அந்த ஒழுங்கின்மையே படமாகிவிடும். இது ஒளியின் இயல்பு, இதை எந்தத் தொழிற்சாலையும் திருத்த முடியாது. ஒவ்வொரு சொட்டையும் தனித்தனியாக எண்ணும் சென்சார்கள் வந்துகொண்டிருப்பதாகப் படிக்கிறேன். அவையும் வராத சொட்டை எண்ணப்போவதில்லை. வராததை இப்போது ஊகத்தால் நிரப்புகிறார்கள். கைப்பேசிகள் இருட்டில் எடுக்கும் அழகான படங்களில் எவ்வளவு பார்த்தது, எவ்வளவு ஊகித்தது என்று எடுத்தவருக்கே தெரியாது.

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான். தூணில் ஒரு விளக்கு.

சித்திரை பிறந்ததும் இதைச் சொல்லத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். ஆள்கணக்கைப் பார்க்கும் அதிகாரி தமிழர், நீலாயில் பட்டம் படித்தவர், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். நாற்காலி இழுத்துப் போட்டு குடிக்க மைலோ வரவழைத்தார். தங்கை பெரட்டில் நிற்கும் படங்களைக் காட்டினேன். என் கேமராவின் சென்சார் பெரியது. நிழலில் கிடந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் தூக்கி, அவள்தான் என்று யாருக்கும் தெரியும்படி செய்திருந்தேன்.

"அந்த இருட்டுலயா இவ்ளோ கிளியரா வந்துச்சு? எடிட் பண்ணீங்களா அங்கிள்?"

"வெளிச்சத்த மட்டும் ஏத்தினேன். கேமராவுல விழுந்தது அப்படியே தனியா இருக்கு, அதையும் தர்றேன்."

"எடிட்னு ஒரு வார்த்த வந்துட்டா ஹெட் ஆபீஸ்ல தொட மாட்டாங்க. இப்ப யார் வேணும்னாலும் யாரையும் எங்கயும் நிக்கவெச்சுப் படம் பண்ணலாம். உங்கள சொல்லல, பொதுவா சொல்றேன்."

"கூலி போட்டிருக்கீங்களே தம்பி? வராதவளுக்கா கூலி?"

"உதிரிப்பழத்துக்கு மூட்டைக்குத்தான் காசு, அங்கிள். மூட்ட வந்துச்சுன்னா காசு. யாரு பொறுக்கினாங்கன்னு அதுல இருக்காது. வீட்டுல உள்ளவங்களே வந்து பொறுக்குவாங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நாங்களே சின்ன வயதில் பெற்றோருக்கு மங்கு கழுவியவர்கள். ஆனால் அவள் வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் விளக்கைப் பற்றிச் சொன்னேன். "மெஷினுக்கு மேல ஒரு டியூப் லைட் போதும் தம்பி. நானே வாங்கித் தர்றேன்."

"வெளி ஆளு வயர் இழுக்கக் கூடாது. லைட்டுக்குன்னு கேட்டா எந்தக் கணக்குல எழுதுறதுன்னு கேப்பாங்க. மெஷின்னா கேக்கலாம், அதுக்குத் தனி பட்ஜெட் இருக்கு. நீங்க இப்ப சொன்னீங்களே, சென்சாரு, வெளிச்சம், அத எழுதிக் குடுங்க. நான் அனுப்புறேன்."

எழுதிக் கொடுத்தேன். பழைய கருவியின் சென்சார் ஏன் இந்த இடத்துக்குப் போதாது, எப்படிப்பட்டது போதும் என்று மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. நன்றாகவே எழுதினேன்.

புதிய கருவி ஆடி மாதம் வந்தது. முகத்தின் மேல் அகச்சிவப்பு ஒளியைத் தானே வீசி, அதை வைத்துப் பார்க்கிற வகை. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டு, லோரியின் நிழல் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. முகங்களையும் புதிதாகப் பதிந்தார்கள். அதைப் பார்க்க நானும் போயிருந்தேன். தங்கை எதிரே நின்ற உடனே பச்சை விளக்கு எரிந்தது. துண்டோடு நின்றாலும் எரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைத்தான் நான் படம் எடுத்திருக்க வேண்டும்.

திரையில் தெரிந்த முகங்களைப் பெண்கள் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். அதில் எல்லாருமே வெளுத்துப் போயிருந்தார்கள். அகச்சிவப்பில் தோலின் கறுமை ஏறக்குறைய மறைந்துவிடும், கறுத்தவரும் சிவத்தவரும் ஒரே சாம்பல் வெள்ளையாகத் தெரிவார்கள்.

"ஐயே, எல்லாரும் வெள்ளக்காரியாயிட்டோம் டீ" என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி பதறினாள். "அண்ணே, என்னாண்ணே, எனக்குப் பொட்டையே காணோம்!"

குங்குமச் சிவப்பு அந்த ஒளியில் தோலோடு கலந்துவிடும் என்று விளக்கினேன். அவளுக்கு விளங்கவில்லை. வெட்டுக்குப் போன புருஷனை உடனே போனில் கூப்பிட்டு, எங்கே நிற்கிறாய் என்று கேட்டாள்.

"எனக்கு அந்தக் கவல இல்ல" என்றாள் என் தங்கை. "என்னைய சரியாத்தான் காட்டுது." சிரிப்பு அடங்க நேரமானது. நான் மட்டும் சேர்ந்துகொள்ளவில்லை. நாங்கள் வெள்ளையாகித்தான் இந்தக் கருவிக்கு எங்களைத் தெரிகிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு வீடு கிடைக்கட்டும்.

அன்றிலிருந்து அவள் பெயர் ஒருநாளும் தவறவில்லை.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை வீடு கிடைத்தவர்களைச் சொன்னார்கள். அவள் இல்லை. மறுநாள் இருவரும் ஆபீசுக்குப் போனோம். மண்டோரும் அங்கே இருந்தார். அவருக்கு வீடு கிடைத்திருந்தது. அதிகாரி இந்த முறையும் நாற்காலி போட்டார்.

"மாசியிலேருந்து ஆனி வரைக்கும் நெறைய நாள் அவங்க பேர் விழல, அங்கிள். அதான்."

"அது பழைய மெஷின் தம்பி. அது இவள பாக்கலன்னுதான அவ்வளவு எழுதிக் குடுத்தேன்?"

"அத வெச்சுத்தான நல்ல மெஷின் வந்துச்சு. அதுல பாருங்க, அவங்க முகம் ஒரு தடவகூட மிஸ் ஆகல. அப்ப அவங்க முகத்துல ஒரு பிரச்சினையும் இல்லன்னு ஆகுது, இல்லையா? ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க. முகத்துல பிரச்சினை இல்லாதவங்க பேரு, வந்திருந்தா அப்பவே விழுந்திருக்கணுமேன்னு."

"முகத்துல பிரச்சினைன்னு எவன் சொன்னான்? மெஷின்ல பிரச்சினை."

"அதே மெஷின்ல மத்தவங்க பேரு விழுந்திருக்கே, அங்கிள்."

பழைய கருவியைக் கொண்டுவரச் சொன்னேன், இதே பெரட்டில், இதே இருட்டில் இவளை நிறுத்திக் காட்டுகிறேன் என்றேன். அதை விற்றவர்களே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். புதியதை வாங்கினால் பழையதை எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கமாம்.

தங்கை மண்டோர் பக்கம் திரும்பினாள்.

"மண்டோரே, மோட்டார் லைட்ட என் மூஞ்சில அடிச்சீங்களே. அது யாரு மூஞ்சி?"

மண்டோர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "நான் என்னா சொல்ல முடியும்ண்ணே. மெஷின் வந்ததுலேருந்து நான் ஆளயா பாக்கிறேன்? ஸ்கிரீனத்தான் பாக்கிறேன். அதுல உள்ளதுதான் கணக்கு."

"பாத்தீங்களா பாக்கலையா?"

"பாத்தேன்னு சொன்னா என் கணக்கும் தப்பாயிடும் தங்கச்சி" என்றார் மிகவும் தணிந்த குரலில். அந்த ஆபீசில் அன்று பேசப்பட்டதில் நேர்மையான வாக்கியம் அது ஒன்றுதான். அதையும் அதிகாரி கேட்காதவர்போலக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரிப்போம் என்று பதில் வந்தது. கேமராக்களைப் பற்றி வரும் செய்திகளை இப்போதும் படிக்கிறேன். இன்னும் குறைந்த ஒளியில் பார்க்கும், தவறே செய்யாது என்கிறார்கள். நன்றாகப் பார்க்கும் ஒவ்வொரு கண்ணும், முன்பு பார்க்காமல் விட்ட கண்ணுக்குச் சாட்சியாக வந்து நிற்கும் என்று அந்தச் செய்திகள் எதிலும் இல்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. என் கடிதத்தில் சென்சாரைப் பற்றி எழுதியது எதுவும் பிழையில்லை, அதுதான் பெரிய எரிச்சல்.

ஐப்பசியில் தீபாவளிக்கு முன்னதாகவே லயத்தைக் காலி செய்தாள். சாமான்கள் ஒரு சின்ன லோரியைக்கூட நிரப்பவில்லை. மந்தினில் என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். இனி அந்தத் தோட்டத்தில் உனக்கு என்ன இருக்கிறது, நீலாயில் தொழிற்சாலைக் கேன்டீனில் ஆள் கேட்கிறார்கள், நான் பேசுகிறேன் என்றேன். அவள் மறுநாள் காலை என் பழைய மோட்டார் சைக்கிளின் சாவியைக் கேட்டாள்.

"எங்க?"

"பெரட்டுக்கு."

"வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ்வளவு தூரம் போயி அவனுக்குப் பொறுக்கிக் குடுக்கணுமா? பைத்தியமா உனக்கு?"

தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள். "நான் வேலைக்கு வராதவன்னு எழுதிட்டாங்கண்ணே. இப்ப நின்னுட்டா, அது நெசமாயிடும்."

சாவியைக் கொடுத்தேன். மழைக்காலம், சாலை வழுக்கும், மெதுவாகப் போ என்றேன். தினமும் போகிறாள்.